மலிவான பேஸ் கிற்றார்: எதை மாற்றுவது, எதை விடுவது?

எம்மவர் வீடுகளில் இசைக்கருவி என்றால் மிருதங்கம், வீணை, வயலின் என்றிருந்த காலம் மாறிவிட்டது. நான்கு தடித்த கம்பிகள் பூட்டிய பேஸ் கிற்றார் ஒன்று வரவேற்பறை மூலையில் சாத்தி வைக்கப்பட்டிருப்பதை இன்று பல வீடுகளில் காண்கிறோம். பிள்ளைகள் பாடசாலை வாத்தியக் குழுவில் பழகுகிறார்கள். பின்னர் எமது மெல்லிசைக் குழுக்களில் சேர்ந்து மண்டபங்களில் வாசிக்கிறார்கள். பெற்றோருக்கோ அந்தக் கருவியைப் பற்றி எதுவும் தெரியாது. அது பழுதாகும்போது பிள்ளை சொல்வதையும் கடைக்காரர் சொல்வதையும் நம்புவதைத் தவிர அவர்களுக்கு வேறு வழியில்லை. இதுபற்றி எழுதவேண்டும் என்ற எண்ணத்தை ஒரு குடும்பத்தின் அனுபவம் எமக்குத் தந்தது.

ரொறன்ரோவின் கிழக்கே, ஸ்காபறோவில் ஒரு தொடர்மாடிக் கட்டடம். தந்தை இரவு வேலைக்குச் செல்பவர். மகனுக்கு வயது 16. அவன் இரண்டு வருடங்களுக்கு முன்னர், பாவித்த பேஸ் கிற்றார் ஒன்றை 150 டொலருக்கு வாங்கினான். அண்மையில் ஒரு திருமண மண்டபத்தில் வாசிக்கப் போனபோது அது வண்டு போல இரையத் தொடங்கியது. ஒலியமைப்பாளர் வேறு வழியின்றி அவனுடைய இணைப்பை மூடிவிட்டார். மேடையிலிருந்து இறங்க வெட்கப்பட்ட பிள்ளை, தன் வாசிப்பு யாருக்கும் கேட்காது என்று தெரிந்தும் இரண்டு மணி நேரம் நின்று வாசித்துவிட்டு வந்திருக்கிறான். அதை அவன் தாயிடம் மட்டுமே சொன்னான்.

தாய் சொல்லித் தந்தைக்குத் தெரியவந்தது. அவர் எம்மிடம் வந்தார்.

"அண்ணை, உதை எறிஞ்சுபோட்டு 1,300 டொலரில ஒண்டு வாங்கினால்தான் சரிவருமெண்டு கடையில சொல்லுகினம். சீட்டைக் கழிவு கூறி எடுக்கலாமெண்டு யோசிக்கிறன். பெடியன்ரை முகத்தைப் பார்க்கேலாமல் கிடக்கு."

சீட்டை எடுப்பதற்கு முன்னர் ஒரு ஞாயிற்றுக்கிழமையை எமக்குத் தருமாறு கேட்டோம். எமக்கு ஒரு நண்பர் இருக்கிறார். யாழ்ப்பாணத்தில் வானொலி திருத்தும் கடை வைத்திருந்தவர். 1990களில் பொருளாதாரத் தடையினால் மின்கலங்கள் கிடைக்காதிருந்த நாட்களில், சைக்கிள் டைனமோவைக் கொண்டு வானொலியை இயக்கிக் கொடுத்தவர்களில் அவரும் ஒருவர். அவரையும் அழைத்துக்கொண்டு சென்றோம்.

வானொலி திருத்துநரின் கருவி

பேஸ் கிற்றாரைத் திருத்த வானொலி திருத்துநரை அழைப்பதா என்று சிலர் நகைக்கக்கூடும். ஆனால் இந்தக் கருவியை உலகெங்கும் பரப்பிய லியோ ஃபெண்டரும் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் ஃபுலர்ட்டன் என்ற ஊரில் வானொலி திருத்தும் கடை நடத்தியவரே. 1951இல் அவர் வெளியிட்ட பிறிசிஷன் பேஸ், ஆளுயரக் கொன்ட்ரபாஸைச் சுமந்து திரிந்த வாத்தியக்காரர்களின் தோளுக்கு ஆறுதல் தந்தது. 1960இல் ஜாஸ் பேஸ் வந்தது. இன்று இந்தோனேசியாவிலும் சீனாவிலும் செய்யப்பட்டு மலிவாக விற்கப்படும் பேஸ் கிற்றார்களில் பெரும்பாலானவை இவ்விரண்டின் வழிவந்தவையே.

ஃபெண்டர் வயலின் செய்வோரைப் போலக் கழுத்தை உடலோடு பசை வைத்து ஒட்டவில்லை. நான்கு திருகாணிகளால் பூட்டினார். காந்தச் சுருள், குமிழ்கள், குதிரை என ஒவ்வொன்றும் கழற்றி மாட்டக்கூடியதாக இருந்தது. பழுதான உறுப்பை மட்டும் மாற்றலாம் என்பதே அந்த அமைப்பின் பயன். மலிவான கருவிக்கும் இது பொருந்தும்.

எமது மிருதங்கத்தை நினைத்துப் பார்த்தால் இது எளிதில் விளங்கும். தோல் தேய்ந்தால் மூட்டு மாற்றுவோம், கட்டையை எறிவதில்லை. நல்ல பலாக் கட்டை தலைமுறைகள் தாண்டியும் நிற்கும். கட்டையில் வெடிப்பு இருந்தால் எத்தனை மூட்டு மாற்றினாலும் பயனில்லை. பேஸ் கிற்றாருக்குக் கட்டை எது? கழுத்தும் மெட்டுகளும்தான். கழுத்து முறுகியிருந்தால், அல்லது மெட்டுகள் பள்ளம் விழும் அளவுக்குத் தேய்ந்திருந்தால், அந்தக் கருவியில் பணம் போடவேண்டாம். கழுத்து நேராக இருந்தால் மற்றதெல்லாம் தோல்தான்.

நண்பர் முதலில் செய்ததும் அதுவே. கருவியின் தலைப்பக்கத்திலிருந்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு கழுத்தின் இரு விளிம்புகளையும் பார்த்தார். "முறுகேல்லை, சாதுவாப் பின்னுக்கு வளைஞ்சிருக்கு. அவ்வளவுதான்" என்றார்.

பணம் செலவில்லாத வேலைகள் முதலில்

வீணை வைத்திருப்போர் அறிவர்: காலம் செல்ல மெழுகில் பதித்த மெட்டுகளின் சுருதி விலகும்; மேளம் கட்டுபவரை அழைத்து மீண்டும் பதிப்பிப்போம். பேஸ் கிற்றாருக்கும் அப்படி ஒரு சீரமைப்பு உண்டு. மலிவான கருவிகள் தொழிற்சாலையிலிருந்து அவசரத்தில் வெளிவருவதால் பெரும்பாலும் இந்த வேலை குறையாகவே இருக்கும். உறுப்புகளை மாற்றப் புறப்படும் இளைஞர்கள் முதலில் இதைச் செய்தாலே பாதிக் குறை தீர்ந்துவிடும்.

முதலாவது, கழுத்தின் வளைவு. கழுத்துக்குள் ஓர் இரும்புத் தண்டு ஒளிந்திருக்கிறது. ட்றஸ் ரொட் என்பர். தடித்த கம்பியை முதலாம் மெட்டிலும், கழுத்து உடலோடு சேரும் இடத்திலுள்ள மெட்டிலும் ஒரே நேரத்தில் அழுத்திப் பிடியுங்கள். நடுவில், ஏழாம் எட்டாம் மெட்டுகளுக்கு மேலே, ஒரு விசிற்றிங் காட் நுழையும் அளவு இடைவெளி தெரியவேண்டும், ஏறத்தாழ 0.3 மில்லிமீற்றர். இடைவெளியே இல்லையெனில் தண்டைச் சற்றுத் தளர்த்தவேண்டும், அதிகமெனில் இறுக்கவேண்டும். ஒரு தடவைக்குக் கால் சுற்றுக்கு மேல் திருப்பலாகாது. திருப்பியபின் மரம் அசைந்து நிலைகொள்ள நேரம் கொடுக்கவேண்டும். திருகி மறுத்தால் பலத்தைப் பிரயோகிக்காமல் தொழில் தெரிந்தவரிடம் கொண்டு செல்லுங்கள். அந்தத் தண்டு முறிந்தால் கருவியின் கதை முடிந்தது.

இந்த வீட்டில் இடைவெளியே இருக்கவில்லை. காரணத்தைத் தேட நெடுநேரம் தேவைப்படவில்லை. சூடேற்றிக்கு இரண்டு அடி தூரத்தில் கருவி சாத்தப்பட்டிருந்தது. கனடாவின் குளிர்காலத்தில் சூடேற்றப்பட்ட வீட்டுக் காற்று மிக வரண்டது. மரத்தின் ஈரத்தை அது உறிஞ்சிவிடும். கழுத்து வளைவதும், மெட்டுகளின் முனைகள் வெளியே துருத்தி உள்ளங்கையைக் கீறுவதும் இதனாலேயே. கருவியைச் சுவரோரத்தில் விடாமல் உறைக்குள் வைத்து, சூடேற்றியிலிருந்து தள்ளி வையுங்கள். இதற்கு ஒரு சதமும் செலவில்லை.

இரண்டாவது, கம்பியின் உயரம். பன்னிரண்டாம் மெட்டுக்கு மேல் தடித்த கம்பி ஏறத்தாழ 2.5 மில்லிமீற்றரும் மெல்லிய கம்பி 2 மில்லிமீற்றரும் உயர்ந்திருந்தால் பெரும்பாலானோருக்குப் போதும். குதிரையிலுள்ள சிறு திருகாணிகளைத் திருப்பி இதைச் சரிசெய்யலாம்.

மூன்றாவது, சுருதி. இந்தக் கருவிகளில் அதிரும் கம்பியின் நீளம் பொதுவாக 34 அங்குலம், அதாவது 86.4 சென்ரிமீற்றர். திறந்த கம்பியைச் சுருதி சேர்த்தபின் பன்னிரண்டாம் மெட்டில் அழுத்தி வாசித்தால் அதே சுரம் மேல் ஸ்தாயியில் பிசகின்றி ஒலிக்கவேண்டும். சுருதி ஏறி ஒலித்தால் கம்பி தங்கும் குதிரைத் துண்டைக் கழுத்திலிருந்து விலகும் பக்கம் நகர்த்துங்கள். இறங்கி ஒலித்தால் கழுத்தை நோக்கி நகர்த்துங்கள்.

நான்காவது, காந்தச் சுருளின் உயரம். பிக்கப் எனப்படும் இந்த உறுப்பு, மைக்கேல் ஃபரடே 1831இல் கண்டறிந்த மின்காந்தத் தூண்டலின்படி இயங்குவது. காந்தத்தின் மேல் உருக்குக் கம்பி அதிர, சுற்றியுள்ள செப்புச் சுருளில் மின்சாரம் பிறக்கிறது. அதைக் கம்பிக்கு மிக அருகில் உயர்த்தினால் சத்தம் கூடும் என்று பலர் உயர்த்திவிடுகின்றனர். காந்தம் கம்பியைப் பிடித்து இழுப்பதால் சுரம் கெட்டு, நாதமும் விரைவில் அடங்கிவிடும். சற்று இறக்கிப் பாருங்கள்.

கம்பிகள்

இனிச் செலவுக்கு வருவோம். முதலில் பணம் போடவேண்டியது கம்பிகளில்தான். இரண்டு வருடங்களாக மாற்றப்படாத கம்பியின் சுற்றுகளுக்கிடையில் வியர்வையும் அழுக்கும் படிந்து, ஒலி மந்தமாகிவிடும். அது கருவியின் குறையென்று நினைத்துப் பிக்கப் வாங்கியோர் பலர். கையில் காசில்லாதோர் பழைய கம்பிகளைக் கழற்றிப் பத்து நிமிடம் கொதிநீரில் இட்டு, நன்கு துடைத்து உலர்த்திப் பூட்டலாம். சில நாட்களுக்குப் பழைய பொலிவு திரும்பும். அதன்பின் புதியதே வேண்டும்.

எனினும் பளிச்சென்ற ஒலியை எல்லோரும் விரும்புவதில்லை. ரொறன்ரோவிலிருந்து நான்கு மணி நேரக் கார்ப் பயணத்தில் டெட்ரோயிற் இருக்கிறது. 1960களில் அங்கே மோட்டவுன் நிறுவனத்தின் எண்ணற்ற பாடல்களுக்கு பேஸ் வாசித்தவர் ஜேம்ஸ் ஜேமர்சன். அவரது கருவி 1962ஆம் ஆண்டுப் பிறிசிஷன் பேஸ். தட்டையான சுற்றுக் கொண்ட தடித்த கம்பிகளைப் பூட்டி, அறுந்தாலன்றி மாற்றமாட்டார். வலக்கையின் சுட்டுவிரல் ஒன்றினாலேயே மீட்டினார். அந்தக் கருவி 1983இல், அவர் இறப்பதற்குச் சற்று முன்னர், களவு போனது. தட்டைச் சுற்றுக் கம்பி விலை சற்று அதிகம். ஆனால் வருடக்கணக்கில் நிற்கும். விரலையும் மெட்டையும் தேய்க்காது.

இரைச்சல் எங்கிருந்து வருகிறது?

மண்டபத்தில் பிள்ளையைத் தலைகுனிய வைத்தது இரைச்சல்தான். வட அமெரிக்க வீட்டு மின்சாரம் விநாடிக்கு 60 தடவை அலைவது, ஐரோப்பாவில் 50. பேஸ் கிற்றாரின் தடித்த கம்பி திறந்த நிலையில் விநாடிக்கு ஏறத்தாழ 41 தடவையும் அடுத்த கம்பி 55 தடவையும் அதிர்கின்றன. ஆகவே மின் இரைச்சலும் பேஸின் சுரங்களும் ஒரே இடத்தில் குடியிருக்கின்றன. அம்பிளிஃபயரில் ஒன்றைக் குறைத்தால் மற்றதும் குறையும். ஒலியமைப்பாளரைக் குறைசொல்லிப் பயனில்லை. இரைச்சலைக் கருவியிலேயே நிறுத்தவேண்டும்.

நண்பர் கருவியை அம்பிளிஃபயரில் இணைத்து, கம்பிகளைக் கையால் தொட்டார். சரியான கருவியில் தொட்டவுடன் இரைச்சல் குறையவேண்டும். இங்கே எந்த மாற்றமும் இல்லை. உடனே குதிரையைக் கழற்றினார். குதிரையின் அடியிலிருந்து உள்ளே செல்லும் நிலத்தொடுப்பு வயர், விரல் நீளம்கூட இல்லாதது, அறுந்து கிடந்தது. 1,300 டொலர்ச் செலவுக்கு வழிகாட்டியது அந்த வயர்தான். வயர் செருகும் ஜக்கும் தளர்ந்திருந்தது. மலிவான கருவிகளில் முதலில் பழுதாவது பெரும்பாலும் இந்த ஜக்கே.

குமிழ்களுக்குக் கீழேயுள்ள மாறுந்தடைகளும் கரகரத்தன. கடையில் இவற்றைப் பொட் என்று கேட்கவேண்டும். இந்த வகைக் கருவிக்கு 250 கிலோ ஓம் பெறுமதியுடையவை பொருந்தும். தொனிக் குமிழோடு சேரும் கொள்ளளவிக்கு 0.047 மைக்ரோபரட் வழக்கம். இரண்டு டொலருக்கும் கிடைக்கும், ஐம்பது டொலருக்கும் கிடைக்கும். பெறுமதி ஒன்றாயின் காது வேறுபாடு காண்பது அரிது; இரண்டு டொலரே போதும்.

பின்னர் உட்குழியின் சுவர்களிலும் மேல்தட்டின் அடியிலும் செப்புத் தகட்டு நாடாவை ஒட்டி, அதனை நிலத்தொடுப்போடு பற்றாசு வைத்து இணைத்தோம். நிலத்தொடுப்போடு இணைக்காத செப்புத் தகடு வெறும் அலங்காரமே. உயிர் முனைகள் தகட்டில் முட்டாமலும் பார்க்கவேண்டும். முட்டினால் கருவி ஊமையாகிவிடும். மண்டப விளக்குகளிலிருந்து வரும் கரகரப்பை இந்தத் தகடு பெரிதும் தடுக்கும். 60இன் இரைச்சலில் ஒரு பகுதி எஞ்சியே தீரும். ஜாஸ் பேஸ் வகையில் இரு சுருள்களும் எதிரெதிராகச் சுற்றப்பட்டிருந்தால், இரண்டு ஒலிக் குமிழ்களையும் முழுமையாகத் திறந்தவுடன் ஒன்றின் இரைச்சலை மற்றது விழுங்கிவிடும். பிள்ளைக்கு இது தெரிந்திருக்கவில்லை. அவன் எப்போதும் ஒன்றை மூடியே வாசித்துவந்தான்.

எமது பிழையையும் சொல்லவேண்டும். பற்றாசு வைக்கும் ஆர்வத்தில் நாமும் ஒரு கை பார்க்கப் புறப்பட்டு, சூட்டுக்கோலை அதிக நேரம் பிடித்ததில் புதிய பொட் ஒன்று கருகிப்போயிற்று. நண்பர் எதுவும் சொல்லாமல் சூட்டுக்கோலை வாங்கி மகனிடம் கொடுத்தார். மிகுதியை அவனே செய்தான்.

ஓர் எச்சரிக்கை. கருவியைத் திறக்கலாம், அம்பிளிஃபயரை ஒருபோதும் திறக்கவேண்டாம். மின்சாரத்தைத் துண்டித்த பின்னரும் அதற்குள் உயிரைக் குடிக்கும் அளவு மின்னேற்றம் தேங்கியிருக்கக்கூடும். இரைச்சலைக் குறைப்பதற்காகச் செருகியின் நிலத்தொடுப்பு முனையை வெட்டுவோரும் உளர். அது ஆபத்து.

அவசரப்படக்கூடாதவை

முறுக்காணிகளும் குதிரையும் பளபளப்பாகக் கண்ணில் படுவதால் இளைஞர்கள் முதலில் அவற்றையே மாற்ற விரும்புகின்றனர். முறுக்காணி வழுகிச் சுருதி இறங்கினால் மாற்றுங்கள். துளையின் விட்டத்தை அளந்த பின்னரே வாங்குங்கள். பல வேளைகளில் குற்றவாளி முறுக்காணி அல்ல. தலைப்பக்கத்தில் கம்பி கடந்து செல்லும் நட், வீணையில் மேரு என்போமே, அதன் பள்ளத்தில் கம்பி சிக்கிக்கொள்வதுதான். பென்சில் கரியைப் பள்ளத்தில் தேய்த்துப் பாருங்கள். பள்ளத்தை அராவுவது தொழிலாளியின் வேலை.

கனத்த குதிரை நாதத்தைப் பெருக்கும் என்பர். வேறுபாடு சிறிதே. திருகாணிகள் துருப்பிடித்து அசைய மறுத்தால் மட்டும் மாற்றுங்கள். திருகாணி பிடிக்காத துளைக்குள் பல்லுக்குச்சியும் மரப்பசையும் வைத்து உலரவிட்டால் மீண்டும் பிடிக்கும்.

பிக்கப் மாற்றம் ஒலியை உண்மையாகவே மாற்றும். ஆனால் அது கடைசியாகச் செய்யவேண்டியது; நல்ல இணையொன்று கருவியின் விலையையே எட்டிவிடும். ஜாஸ் பேஸில் கழுத்துப்பக்கப் பிக்கப் பொதுவாகச் சற்றுக் கட்டையானது. சில மலிவான கருவிகளில் இரண்டும் ஒரே நீளம். அளக்காமல் வாங்கினால் குழிக்குள் இறங்காது. மாற்றிய உறுப்புகளுக்கான பணம் கருவியை விற்கும்போது திரும்பி வராது என்பதையும் நினைவில் வைத்து, பழைய உறுப்புகளை ஒரு பையில் போட்டு வையுங்கள். உறுப்புகளின் மொத்தச் செலவு கருவியை வாங்கிய விலையைத் தாண்டலாகாது என்பது எமது ஆலோசனை.

அன்றைய கணக்கு

கம்பி 42 டொலர். செப்பு நாடா 15. பொட் மூன்று 27. நாம் கருக்கியதற்குப் பதிலாக இன்னொன்று 9. ஜக் 7. கொள்ளளவி 2. மொத்தம் 102 டொலர்.

எல்லாம் தீர்ந்துவிட்டது என்று சொல்லமாட்டோம். மெல்லிய கம்பியின் ஆறாம் மெட்டில் நாதம் இன்றும் சட்டென்று அடங்கிப்போகிறது. கழுத்து மரம் அந்த அதிர்வைத் தானே வாங்கிக்கொள்வதால் வரும் குறை அது. விலையுயர்ந்த கருவிகளிலும் காணப்படுவது. உறுப்பு மாற்றி அதைத் தீர்க்க இயலாது. அதே சுரத்தை அடுத்த கம்பியில் பதினோராம் மெட்டில் வாசிக்குமாறு மகனிடம் சொன்னோம். அவன் ஏற்கெனவே அப்படித்தான் வாசித்து வருவதாகச் சொன்னான்.

மாலையில் கருவியைச் சிறிய அம்பிளிஃபயரில் இணைத்தான். 1980களில் வெளிவந்த இளையராஜாவின் பாடலொன்றை ஓடவிட்டு, அதனோடு சேர்ந்து வாசித்தான். இளையராஜாவின் இசைக்குழுவில் நீண்ட காலம் பேஸ் வாசித்தவர் சசிதரன். அந்தப் பாடல்களில் பேஸ் தாளத்துக்குத் துணை நிற்பதோடு நின்றுவிடாமல், பாடகரின் மெட்டுக்குக் கீழே இன்னொரு மெட்டாகவே நடந்து செல்லும்.

வேலைக்குப் புறப்பட ஆயத்தமாகிக்கொண்டிருந்த தந்தை, சப்பாத்தைக் கையில் பிடித்தபடி நின்றுவிட்டார்.

"இந்தச் சத்தம் முந்தியும் இந்தப் பாட்டுக்குள்ள இருந்ததோ?" என்று கேட்டார்.

இருந்தது என்றோம். ஆனால் டைனமோவில் ஓடிய சிறிய வானொலியின் கையளவு ஒலிபெருக்கி அவ்வளவு தாழ்ந்த சுரங்களை வெளியிடவல்லதன்று. அந்தப் பாடலை அவர் எத்தனையோ தடவை கேட்டிருந்தும் அதன் பேஸை இதுவரை கேட்டதில்லை. நண்பர் தலையாட்டினார். "அந்த றேடியோவில உது வராது" என்றார்.

தந்தை அன்று வேலைக்குக் கால் மணி நேரம் பிந்திப் போனார். சீட்டு இன்னும் எடுக்கப்படவில்லை.